ஓர் அரிசி அகலம்

இறக்கை பொருந்தாது. செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு அது தெரியும். அவருக்கு இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரியவரும். இப்போது, வரப்போகும் கண்காட்சிக்குச் செய்கிற தாள் விமானத்தின் வலது இறக்கைப் பின்விளிம்பை ஒட்டிவிட்டு விரலை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார், பசை காயும்வரை எடுக்கமாட்டார், மூச்சைக்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் விடுவார், மூச்சின் ஈரம் பட்டால் தாள் நெளியுமாம். நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, வெட்டி மிஞ்சிய துணுக்குகளைப் பொறுக்கி பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஈப்போ வெயில், சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவியாகிவிட்டது, ஆனால் இந்த அறையில் காத்தாடி போடக்கூடாது. போட்டால் மேலே தொங்குவதெல்லாம் ஆடும், ஒன்றோடொன்று இடிக்கும். தூண்டில் நரம்பில் கட்டி, கூரைப் பலகையே தெரியாத அளவுக்குத் தொங்குகின்றன. சண்டை விமானம், குண்டு போடுவது, கடலில் இறங்குவது, எல்லாம் ஜப்பான்காரனுடையது, எல்லாம் போர்க்காலத்தது, எல்லாம் தாள். வேறு நாட்டு விமானத்தை என் வீட்டுக்காரர் தொட்டதில்லை. ஏன் என்று கேட்டால் வடிவம் என்பார். தொழிற்பள்ளியில் வரைபடம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர், பெயர் ரத்தினவேலு, இந்தத் தாமான் குடியிருப்பில் எல்லாருக்கும் சார். “அவன் ஒரு கிராம் எடைய வீணாக்கல பாரு,” என்பார், வகுப்பில் நன்றாகப் படிக்கிற ஒரு பையனைச் சொல்வதுபோல. முதுகில் வேர்வை இறங்குகிறது. தெருவில் ரொட்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டு போகிறார், வீட்டில் ரொட்டி இல்லை, எழுந்து போகவேண்டும், போகவில்லை. போனால் அந்த நேரம் பார்த்து நடந்துவிடும். அந்த முகத்தை நான் பார்க்கவேண்டும்.

செய்தது பெரிய காரியமில்லை. இந்த விமானங்களை யாரோ எங்கோ உட்கார்ந்து வரைந்து இணையத்தில் போடுகிறார்கள். வெள்ளி நிறத்தில் இருக்கும், இவருக்குப் பச்சைத் திட்டு போட்டது வேண்டும், மலாயாவுக்கு மேலே பறந்தபோது இருந்த நிறம் வேண்டும். அதை மாற்றித் தருவது நான். தமிழ் அச்சகத்தில் பக்கம் கட்டியவள், கணினியில் நிறம் பிரிக்கத் தெரியும், ஒரு நிறம் மயிரிழை தள்ளி விழுந்தாலும் என் கண்ணில் உறுத்தும். ஒவ்வொரு துண்டாகப் பழைய நிறத்தை உருவிவிட்டுப் புது நிறம் ஊற்றவேண்டும். இறக்கையில் தொடங்கும் பச்சை உடம்பில் அதே இடத்தில் தொடரவேண்டும். மடிக்கும் ஓரங்களில் வெள்ளை தெரியாதபடி நிறத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்துவிடவேண்டும். எல்லாம் முடித்துத் தாளின் மூலையில் ‘மறுவண்ணம்: ரத்தினவேலு’ என்று போடவேண்டும், அதையும் நான்தான் போடுவேன். அது போகட்டும். அதற்காக இல்லை. உடம்புத் தாள்களை முழு அளவில் அச்சடித்தேன். இறக்கைத் தாள்களுக்கு வரும்போது, பக்கத்துக்குள் அடக்கு என்று ஒரு கட்டம் இருக்கும், அதை ஒரு தட்டு தட்டினேன். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. பார்த்தால் தெரியாது. கையில் எடுத்தாலும் தெரியாது. இறக்கையைத் தனியாக ஒட்டும்போது அழகாகவே வரும். உடம்போடு சேர்க்கும்போதுதான், முன்பக்கம் தொட்டால் பின்பக்கம் எட்டாது, ஓர் அரிசியின் அகலம் குறையும். தாள் விமானம் செய்கிற எல்லாரும் ஒருமுறையாவது இந்தத் தவறைத் தெரியாமல் செய்வார்கள். இவரும் ஆரம்பத்தில் செய்திருக்கிறார், அதனால்தான் ஒவ்வொரு தாளின் அடியிலும் இருக்கிற ஓர் அங்குலக் கோட்டில் அளவுகோலை வைத்துப் பார்க்காமல் கத்தியை எடுக்கமாட்டார். அந்தக் கோட்டை மட்டும் நீட்டிவிட்டேன். புதன்கிழமை காலை அவர் அளவுகோலை வைத்துப் பார்த்து, “ம், சரி,” என்றபோது அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது, நான் ஓடவில்லை.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தபோது, தம்பி வீட்டுக்கு மாடி ஏறவேண்டும் என்று இங்கே கொண்டுவந்தோம். கீழே இருப்பது இந்த ஓர் அறைதான். “தாராளமா இருக்கட்டும்,” என்றார் இவர். கட்டிலைத் தானே நகர்த்திப் போட்டார், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். விமானங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. முதல் நாள் மல்லாந்து படுத்த அப்பா உடனே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார், முறிந்த இடுப்பு அந்தப் பக்கம்தான் என்றாலும். “பாப்பா, மாப்பிள்ளகிட்ட சொல்லி இதையெல்லாம் வேற எங்கயாச்சும் வைக்கச் சொல்லேன்.” இவர் வாசலில் நின்று கேட்டுவிட்டார். “என்ன மாமா, தாளுதானே. கடிக்கவா போவுது?” என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார், மகள் வீட்டில் படுத்துக்கிடக்கும் ஒருவர் எவ்வளவு சிரிக்கவேண்டுமோ அவ்வளவு. சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்தவர் அப்பா. சடையன், வீரன் மகன். பால்பல் விழாத வயதில் முதல் ஏரோப்ளேனைப் பார்த்தாராம், இறக்கையில் ஜப்பான்காரனின் சிவப்பு வட்டத்தோடு. பொட்டு வச்ச ஏரோப்ளேன், பொட்டு வச்ச ஏரோப்ளேன் என்று கத்திக்கொண்டு லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் அதன் நிழலுக்குப் பின்னால் ஓடினார்களாம், அப்பா சட்டையைக் கழற்றி ஆட்டினாராம். பிறகு லோரி வந்தது. சயாமில் ஜப்பான்காரனுக்கு ரயில் பாதை போடுகிற வேலை, அரிசி கொடுப்பான், கொஞ்ச மாசத்தில் திரும்பிவிடலாம் என்று கங்காணி சொன்னதைக் கேட்டு தாத்தா ஏறிப்போனார். திரும்பவில்லை. அப்பா அதை இதற்குமேல் சொன்னதில்லை. சட்டையை ஆட்டியதை மட்டும் ஒவ்வொரு முறையும் சொல்வார், தான் ஆட்டியதைப் பார்த்துத்தான் அவன் இந்த நாட்டில் இறங்கினான் என்பதுபோல. கடைசி வாரங்களில் அவருக்கு நாளும் இடமும் குழம்பிவிட்டது. மேலே ஒன்று அசைந்தாலும் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டு, “லோரி வந்திருச்சு, அப்பாவ எழுப்பு, பின்பக்கமா ஓடிப்போகச் சொல்லு,” என்பார். படுக்கை நனையும். துடைத்து மாற்றுவேன். இவர் கட்டிலின் நாலு மூலையிலும் கிண்ணத்தில் அடுப்புக்கரி கொண்டுவந்து வைத்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், “வாடை தெரியாம இருக்க மாப்பிள்ள எப்படிப் பாத்துக்கறாரு பாரு,” என்றார்கள். அறையின் ஈரம் தாளில் ஏறக்கூடாது என்று வைத்த கரி அது. ஒருநாள் முக்காலியைப் போட்டு நானே ஏறினேன். முதல் நரம்பைப் பிடிப்பதற்குள் பின்னால் வந்து நின்றார். கத்தவில்லை. “எறங்கு,” என்றார். “அவருக்கு நாள் எண்ணியாச்சு இந்திராணி. இது எனக்கு ஆயுசு.” அப்பா தூங்கிக்கொண்டிருந்தார், தூங்கிக்கொண்டிருந்தார் என்றுதான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன், கண் மூடியிருந்தது, ஆனால் போர்வையின் ஓரத்தைப் பிடித்திருந்த விரல்கள் தூங்குகிறவரின் விரல்களாக இல்லை.

பச்சைத் துணுக்கு ஒன்று உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்கிறது. அந்த வாரங்களில்தான் சிவப்பு நடந்தது. ஜன்னல் பக்கம் தொங்குகிற சண்டை விமானத்துக்குச் சிவப்பு வட்டம் சரியாக வரவில்லை, எங்கள் அச்சு இயந்திரம் எந்தச் சிவப்பையும் கொஞ்சம் மஞ்சளாக்கித்தான் துப்பும். நான் அச்சடித்துக் கொண்டுவருவேன், இவர் அப்பாவின் கட்டிலைத் தாண்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். “தக்காளி,” என்பார். “எனக்குக் காஞ்ச மொளகா வேணும்.” திரும்பப் போவேன். கறுப்பை ஒரு சொட்டு கூட்டிக் கொண்டுவருவேன். “இது செங்கல்.” அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிவிட்டு, வாயைத் துடைத்துவிட்டு, வட்டத்துக்குச் சிவப்பு கலக்கப் போவேன். ஒருநாள் தாளை மறந்து கட்டிலிலேயே வைத்துவிட்டேன் போலிருக்கிறது, வந்து பார்த்தால் அப்பா அதைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார், வரிசை வரிசையாகச் சிவப்பு வட்டங்கள், “நீயா போடற பாப்பா?” என்றார். ஆமாம்பா என்றேன். நன்றாக இருக்கிறது என்பதுபோலத் தலையாட்டினார். மகள் செய்த வேலை இல்லையா. இதை நினைக்கும்போதெல்லாம் மூளை அந்தத் தலையாட்டலில் போய் மாட்டிக்கொள்கிறது, துணி ஆணியில் மாட்டுவதுபோல, பின்னால் இழுத்தால் கிழியும், முன்னாலும் போகமுடியாது. வேறு எதையாவது நினைக்கவேண்டும். நினைத்தால் அடுத்தது வந்துவிடும், அப்பா போன காலை வந்துவிடும். நான் கூப்பிட்ட குரலில் இவர் ஓடிவந்தார், வாசலில் நின்றார், முதலில் மேலே பார்த்தார். கட்டிலைப் பார்க்குமுன் மேலே பார்த்தார். மற்ற எதையும் நான் மறந்துவிடலாம், மாமா கடிக்கவா போவுது, ஆயுசு, தக்காளி, செங்கல், எல்லாம் ஒரு வீட்டில் நடப்பதுதான். மதியம் தம்பியும் இன்னும் மூன்று பேரும் தூக்க வந்தார்கள். நாலு பேரும் உயரம். தூக்கித் தோள்மட்டத்துக்குக் கொண்டுவரும்போது இவர் குறுக்கே கையை நீட்டினார். “குனிஞ்சு, குனிஞ்சு. கீழ எறக்கிப் பிடிங்க. மேல பட்டுடப்போவுது.” நாலு பேரும் முட்டியை மடக்கிக் குனிந்தார்கள். வாசல்வரை அப்படியே நகர்ந்தார்கள், பாரத்தோடு குனிந்து நடக்கிற மனிதர்கள் நகர்வதுபோல, மெதுவாக. அப்பாவின் முதுகு கிட்டத்தட்டத் தரையைத் தொட்டது. தம்பி அதற்குப் பிறகு இந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

“ம்,” என்கிறார். வந்துவிட்டது. நான் தலையைத் தூக்கவில்லை, கண்ணை மட்டும் தூக்குகிறேன். இறக்கையை உடம்பின் துளையில் செருகிப் பார்க்கிறார், வெளியே எடுக்கிறார், திரும்பச் செருகுகிறார். முன்பக்கம் தொடுகிறது. பின்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு நிற்கிறது. “அந்த வெளக்க இப்படித் திருப்பு.” திருப்புகிறேன். “அச்சடிக்கறப்ப அளவு பாத்தியா?” “பாத்தேன். நீங்களும்தானே பாத்தீங்க.” வெட்டி மிஞ்சிய தாளை எடுத்து அடிக்கோட்டில் அளவுகோலை வைக்கிறார். ஓர் அங்குலம். நகத்தால் முனையைத் தொட்டுப் பார்க்கிறார். ஓர் அங்குலம்தான். “தாள் சரியாத்தான் இருக்கு,” என்கிறார், தனக்குச் சொல்லிக்கொள்வதுபோல. இடது இறக்கையை எடுத்து அந்தப் பக்கம் வைக்கிறார். அங்கேயும் அதே வெள்ளைக் கோடு. “வளைவு ஏறிப்போச்சு. வளைவு கூடினா அகலம் கொறையும்.” இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறார். “ஒண்ணுலன்னா பரவால்ல. ரெண்டுலயுமா?” இப்போது விளக்கை அணைத்து இறக்கையைக் குழாயடிக்குத் தூக்கி எறிவார், என்மேல் பாய்வார், பள்ளிக்கூடத்துப் பையன்களைத் திட்டுவதுபோலத் திட்டுவார், அதற்குத்தான் நான் தயாராக இருந்தேன், செவ்வாயிலிருந்து அந்தக் கத்தலைக் காதில் வைத்துக்கொண்டு தூங்கினேன். அவர் கத்தவில்லை. இறக்கையை மேசையில் வைத்துவிட்டு வலது கையை விரித்து நீட்டிப் பார்க்கிறார். விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கை நிற்கிறது. ஆடவில்லை. ஆடுகிறது என்று நினைத்துப் பார்த்தால் ஆடுகிற மாதிரி இருக்கிறது, எந்தக் கையும் அப்படித்தான். “இந்திராணி,” என்கிறார், “போன மாசம் சியோங் வீட்டுல காப்பி கொட்டினேனே.” சியோங் இவருடைய கூட்டாளி, அவரும் தாள் விமானம் செய்பவர். “ஆமா,” என்கிறேன். சியோங்கின் பூனை இவர் மடியில் தாவியது, அதனால் கொட்டியது. பூனையை நான் சொல்லவில்லை. “எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது,” என்கிறார். மாமனாரின் கையை நான் பார்த்திருக்கிறேன், தேக்கரண்டி உதட்டுக்கு வருவதற்குள் காலியாகிவிடும், கடைசியில் இந்தக் கையால்தான் ஊட்டினேன், அவருக்கும். அது இவருடைய பயம் என்று எனக்குத் தெரியாதா. தெரிந்துதான் செய்தேனா. ஒரு இறக்கை கெடட்டும், ஒரு கண்காட்சி கெடட்டும், இத்தனை ஆட்கள் முன்னால் ஒருமுறை தலைகுனியட்டும் என்றுதான் நினைத்தேன், கையைப் பற்றி நினைக்கவில்லை. நினைத்திருக்கலாம். உள்ளே எங்கேயோ இரக்கம் மாதிரி ஒன்று எழுந்தது, இல்லையென்று சொல்லவில்லை. சொல்லிவிட்டால் போதும், கட்டத்தைத் தட்டினேன், கோட்டை நீட்டினேன், உங்கள் கைக்கு ஒன்றுமில்லை. ஒரு வாய் தண்ணீர் குடிக்கிற நேரம். நான் துணுக்கு பொறுக்கினேன்.

அப்புறம் அவர் எழுந்து முக்காலியை இழுத்துப் போட்டார். மேலே இருப்பதில் இதே விமானம் ஒன்று உண்டு, வெள்ளி நிறத்தில், முன்பு செய்தது. அதை இறக்கிப் புது இறக்கையைப் பழைய இறக்கையின்மேல் வைத்தால் போதும், ஒரு பார்வையில் தெரிந்துவிடும். அவர் அதைத்தான் இறக்கினார். நரம்பை அவிழ்த்து, இரண்டு கையாலும் ஏந்தி, கொண்டுவந்து மேசையில் வைத்தார். புது இறக்கை பக்கத்திலேயே கிடக்கிறது. அதை எடுக்கவில்லை. பழையதன் இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் பூதக்கண்ணாடியை வைத்துக் குனிந்துவிட்டார். தாளைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை, அளவுகோல் சொல்லிவிட்டதே, என்னைச் சந்தேகப்பட அதைவிடவும் தோன்றவில்லை. எப்போதிலிருந்து கை போயிற்று என்று தேடுகிறார். “எனக்குச் சரியாத் தெரியல,” என்றார். “கண்ணும் முன்ன மாதிரி இல்ல. நீ பாரு. உன்னுது அச்சகத்துக் கண்ணு.” இத்தனை வருஷத்தில் நான் இவருடைய ஒரு விமானத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவர் கேட்டதில்லை, கேட்டால்தானே சொல்ல. பூதக்கண்ணாடியை வாங்கினேன். இணைப்பு சுத்தம். பசை வெளியே வரவில்லை, ஓரத்தில் பென்சில் பூசி வெள்ளையை மறைத்திருக்கிறார், எங்கே தாள் முடிந்து எங்கே தாள் தொடங்குகிறது என்று எனக்கே தெரியவில்லை. “லேசா இடைவெளி இருக்கு,” என்றேன். என் குரல் வைத்தியர் குரல் மாதிரி இருந்தது. “இதுலயா?” “லேசாத்தான்.” அவர் திரும்ப முக்காலி ஏறினார். அடுத்ததை இறக்கினார். நான் எழுந்துபோய்க் கீழே நின்று வாங்கிக்கொண்டேன். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தேன், அவசரப்படாமல் பார்த்தேன், உண்மையாகவே பார்த்தேன், ஒவ்வொன்றையும். “வால் கொஞ்சம் சாஞ்சிருக்கு.” “இதுல மூக்கு நேரா இல்லைங்க.” “இது பரவால்ல. இல்ல, இங்க பாருங்க, இங்க.” ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொல்லவேண்டியிருந்தது, ஒரே குறையைச் சொன்னால் நம்பமாட்டார். அவர் ஒவ்வொரு முறையும் மேலேயிருந்து குனிந்து என் முகத்தைப் பார்த்தார். மாணவர்கள் விடைத்தாள் வாங்கும்போது எப்படிப் பார்ப்பார்கள் என்று இவருக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித்தான் இருக்கும். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கட்டில் முழுக்க விமானங்கள் நிறைந்தன, மெத்தை தெரியவில்லை, பிறகு தரையில் வைத்தேன், பிறகு ஒன்றின்மேல் ஒன்றாக. ஒரு இறக்கை மடங்கியது. அவர் பார்த்தார், அடுத்ததை அவிழ்க்கத் திரும்பினார்.

ஜன்னல் பக்கத்துச் சண்டை விமானம் மட்டும் மிச்சம். அதன் சிவப்பை நான் மறக்கமாட்டேன், கடைசியில் சரியாக வந்த காய்ந்த மிளகாய். அதை அவிழ்க்க அவருக்கு நேரம் பிடித்தது, முடிச்சு வரவில்லை, இப்போது கை உண்மையாகவே ஆடியது. இறங்கி வந்து என்னிடம் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். “இது நல்லாத்தானே இருக்கு?” என்றார். இது நன்றாக இருந்தது. இவர் செய்ததிலேயே இதுதான் சிறந்தது, அச்சகத்தில் இருந்தவள் சொல்கிறேன், இதில் கத்தி நுழைய இடமில்லை. அது அவருக்கும் தெரியும். கேள்வியின் அடியில் அந்தத் தெரிதல் இன்னும் கொஞ்சம் உயிரோடு இருந்தது, நான் ஆமாம் என்று சொன்னால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவார், நாளைக் காலை புதுத் தாள் கேட்பார், நானும் அச்சடித்துக் கொடுப்பேன், முழு அளவில். தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்துப் பார்த்தும் அது கிளம்பவில்லை. “இல்லைங்க,” என்றேன். “எங்க?” எங்கேயாவது காட்டவேண்டுமே. இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில், சுண்டுவிரலை வைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை ஒட்டினாற்போல் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். “ஆமா,” என்றார். பார்த்துவிட்டார். பிறகு, உட்கார இடம் தேடிக் கட்டிலைப் பார்த்து, அங்கே இடமில்லாமல், முக்காலியிலேயே உட்கார்ந்தார். “எப்பலேர்ந்து இப்படி இருக்கு?” என்று கேட்டார், என்னை நிமிர்ந்து பார்க்காமல், மடியில் கிடந்த கையைப் பார்த்து.

“அப்பா இங்க படுத்திருந்தப்பவே,” என்றேன்.